அரிசிம்பருப்புச் சோற்றுக்கு மேலே எதை ஊற்றுவது: நெய்யா, எண்ணெயா, தயிரா?

அரிசிம்பருப்புச் சோறு ஆக்குவதில் எங்கள் கொங்குப் பக்கம் பெரிய கருத்து வேறுபாடு கிடையாது. அரிசி, துவரம்பருப்பு, சின்ன வெங்காயம், பூண்டு, சீரகம், வரமிளகாய், மஞ்சள், கறிவேப்பிலை, கொஞ்சம் தேங்காய். தக்காளி போடலாமா கூடாதா என்று சில வீடுகளில் பேச்சு வரும், அதோடு சரி. வேறுபாடெல்லாம் சோறு வட்டலுக்கு வந்த பிறகுதான் ஆரம்பிக்கும். அதற்கு மேலே எதை ஊற்றுவது, தொட்டுக்கொள்ள எதை வைப்பது?

நான் பிறந்து வளர்ந்தது கோபி பக்கம். நெய் இல்லாமல் அரிசிம்பருப்பைத் தொடமாட்டோம். வாக்கப்பட்டது காங்கயம் பக்கம். இங்கே அத்தை சுடுசோற்றில் குழி பண்ணிப் பச்சைத் தேங்காய் எண்ணெயை ஊற்றிப் பிசைந்து சாப்பிடுவார். மாமாவுக்குக் கெட்டித் தயிர் இருந்தால்தான் சோறு இறங்கும். எங்க வீட்டுக்காரருக்கு மேலே எதை ஊற்றினாலும் ஊற்றாவிட்டாலும் பக்கத்தில் மாங்காய் ஊறுகாய் வேண்டும். பையன் இப்போது தக்காளி சாஸ் பாட்டிலைத் தேடுகிற வயதில் இருக்கிறான். கூட்டுக் குடும்பத்தில் எல்லாமே அலமாரியில் இருக்கும், அவரவர் எடுத்துக்கொள்வார்கள், பிரச்சினை இல்லை. புதிதாகக் குடித்தனம் ஆரம்பிக்கிறவர்களும், திருப்பூரிலோ கோயமுத்தூரிலோ அறை எடுத்துத் தங்கிச் சமைக்கிறவர்களும் எல்லாவற்றையும் வாங்கி வைக்க முடியாது. ஒன்றோ இரண்டோதான் வாங்க முடியும் என்றால் எதை வாங்குவது என்று யோசிக்கத்தான் வேண்டும். அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

அதற்கு முன்னால் ஒரு விஷயம். மேலே போட்டுக்கொள்கிற பொருளில் ஆளுக்கு ஆள் மாறுவதைப் பிடிவாதம் என்றுதான் நிறையப் பேர் நினைக்கிறார்கள். "எல்லாரும் ஒண்ணைத்தானே திங்கறோம், உனக்கு மட்டும் என்ன தனியா?" என்று குழந்தைகளை அதட்டாத வீடு குறைவு. ஆனால் ஒரே சோறு இரண்டு பேர் நாக்கில் ஒரே மாதிரி இருப்பதில்லை, இது நிஜம். 1931இல் அமெரிக்காவில் டூபாண்ட் நிறுவன ஆய்வகத்தில் ஆர்தர் ஃபாக்ஸ் என்ற வேதியியலாளர் ஒரு பொடியைக் கையாளும்போது அது காற்றில் பறந்துவிட்டது. பக்கத்தில் இருந்தவர் வாயெல்லாம் கசக்கிறது என்றார், ஃபாக்ஸுக்கோ ஒரு ருசியும் தெரியவில்லை. பிறகு பலரிடம் கொடுத்துப் பார்த்ததில், அந்தக் கசப்பு தெரிகிறவர்கள் ஒரு பக்கம், தெரியாதவர்கள் ஒரு பக்கம் என்று பிரிந்ததும், அது பரம்பரையாக வருகிறது என்பதும் வெளியே வந்தது. கொத்தமல்லித் தழையும் அப்படித்தான். நமக்கு மணக்கிற தழை சிலருக்குச் சோப்பு வாடை அடிக்கும், அதற்கும் மரபணுவில் காரணம் கண்டுபிடித்திருக்கிறார்கள். அதனால் அரிசிம்பருப்பை இறக்கும்போது தழை தூவுகிறவர்கள் தயவுசெய்து தனிக் கிண்ணத்தில் வையுங்கள். தூவிவிட்டால் பிடிக்காதவரால் அதைப் பொறுக்கி எடுக்க முடியாது. ஒரு தழைக்கு இவ்வளவு என்றால் நெய்க்கும் எண்ணெய்க்கும் எவ்வளவு இருக்கும்.

உடம்புக்கு அடுத்தபடியாக மண். கொங்கு என்றால் எல்லா இடத்திலும் ஒரே ருசி என்று வெளியூர்க்காரர்கள் நினைப்பது சரியில்லை. கோபி பக்கம் கொடிவேரி அணையிலிருந்து பிரிகிற தடப்பள்ளி, அரக்கன்கோட்டை வாய்க்கால்களை நம்பி நெல் விளைகிற பூமி. காங்கயம், ஊத்துக்குளிப் பக்கம் வானம் பார்த்த பூமி, கொழுக்கட்டைப் புல் முளைத்த கொறங்காட்டில் மாடு மேய்ந்து, பாலும் வெண்ணெயும்தான் கையில் காசு. பொள்ளாச்சி, உடுமலைப் பக்கம் எங்கே பார்த்தாலும் தென்னை. பரம்பிக்குளம்-ஆழியாறு தண்ணீர் வந்த பிறகு அது இன்னும் பெருகிவிட்டது. சிவகிரி, கொடுமுடி பக்கம் போனால் எள். அங்கே ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தில் எள் மூட்டைகள் ஏலம் போவதை இன்றைக்கும் பார்க்கலாம். வீட்டுக்குப் பக்கத்தில் எது விளைந்ததோ அதுதான் சோற்றின் மேலே விழுந்தது, அது மூன்று தலைமுறை தாண்டி நாக்கில் உட்கார்ந்துவிட்டது.

சரி, ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

நெய்யில் தொடங்குகிறேன். ருசியை மட்டும் வைத்துச் சொன்னால் சுடச்சுட இறக்கிய அரிசிம்பருப்புக்கு நெய்யை அடிக்க எதுவும் கிடையாது, இதில் நான் யாரிடமும் விட்டுக்கொடுக்கமாட்டேன். ஆனால் நல்ல நெய்யாக இருக்க வேண்டும். ஊத்துக்குளி வெண்ணெய் கிடைத்தால் வாங்கி வீட்டில் உருக்குங்கள். வெண்ணெயில் ஏறக்குறைய 80 சதவீதம்தான் கொழுப்பு, மீதியில் பெரும்பகுதி தண்ணீர். சின்னத் தீயில் வைத்தால் முதலில் நுரைத்துப் பொங்கும், அப்புறம் சடசடவென்று சத்தம் வரும், அது தண்ணீர் போகிற சத்தம். சத்தம் அடங்கி, நெய் தெளிந்து, அடியில் கசடு செம்பழுப்பாகிற நேரத்தில் ஒரு பிடி முருங்கைக் கீரையை உருவிப் போட்டு, அது மொறுமொறுப்பானதும் இறக்க வேண்டும். நெய் வாசனை என்று நாம் சொல்வதில் பெரும்பகுதி அந்தக் கசடு வறுபடுகிற வாசனைதான். கொஞ்சம் முன்னால் இறக்கினால் வெண்ணெய் வாடை போகாது, கொஞ்சம் பின்னால் இறக்கினால் தீய்ந்த வாடை வந்துவிடும். நெய்யை வடித்த பிறகு அந்தச் சட்டியைக் கழுவப் போட்டுவிடாதீர்கள். கசடும், பொரிந்த முருங்கைக் கீரையும், ஒட்டியிருக்கிற நெய்யும் இருக்கிற சட்டியிலேயே இரண்டு கரண்டி அரிசிம்பருப்பைப் போட்டுப் பிரட்டி, அப்படியே உருண்டை பிடித்துக் குழந்தைகள் கையில் கொடுக்க வேண்டும். எங்கள் அமுச்சி அப்படித்தான் கொடுப்பார், அந்த உருண்டைக்காகவே நெய் உருக்குகிற நாளைப் பேரப்பிள்ளைகள் தெரிந்து வைத்திருப்போம்.

நெய் ஏன் இந்தச் சோற்றுக்கு இவ்வளவு பொருந்துகிறது என்றால், அரிசிம்பருப்பின் மணமெல்லாம் சீரகம், பூண்டு, மஞ்சள், மிளகாயிலிருந்து வருவது. இவற்றின் வாசனைப் பொருள்கள் தண்ணீரைவிடக் கொழுப்பில்தான் நன்றாகக் கரையும். குக்கரில் தண்ணீரோடு வெந்த சோற்றில் ஆங்காங்கே முடங்கிக் கிடப்பதை மேலே ஊற்றுகிற கொழுப்பு இழுத்துக்கொண்டு வருகிறது. எண்ணெய்க்கும் இதே வேலைதான், ஆனால் நெய்க்குப் பால் இனிப்பு ஒன்று கூடுதலாக இருக்கிறது. குறை என்று பார்த்தால் விலை. அதைவிடப் பெரிய குறை, சோறு ஆறிவிட்டால் நெய் வேலைக்கு ஆகாது. பருக்கை மேல் படலமாக உறைந்து, மேலண்ணத்தில் பிசுபிசுவென்று ஒட்டும். இரவு எட்டரை மணிக்கு மேல் வேலையிலிருந்து வந்து ஆறின சோற்றைச் சாப்பிடுகிறவருக்கு நெய் சரியான தேர்வு இல்லை.

தேங்காய் எண்ணெய் வெளியூர்க்காரர்களுக்குப் புரியாத ருசி, அதனாலேயே கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன். "தலைக்குத் தேய்க்கறதைச் சோத்துல ஊத்துவாங்களா?" என்று கேட்கிறவர்கள் மனதில் இருப்பது வாசனை சேர்த்த பாட்டில் எண்ணெய். காங்கயம் களங்களில் காய்ந்த கொப்பரையை ஆட்டி எடுத்த எண்ணெயை முகர்ந்து பார்த்தால் அதில் லேசாக வறுத்த தேங்காய் மணம்தான் இருக்கும். காங்கயத்தைச் சுற்றி எண்ணெய் ஆலைகளும் உலர்களங்களும் எவ்வளவு என்று அந்த வழியாகப் போனவர்களுக்குத் தெரியும், பெருந்துறையில் கொப்பரை ஏலமே தனியாக நடக்கிறது. வாங்கும்போது கந்தகப் புகை போடாத கொப்பரையில் ஆட்டியதுதானா என்று கேட்டு வாங்குங்கள். நான் கல்யாணமாகி வந்த புதிதில் அத்தை, "கண்ணு, நெய்யி நெய்யிங்கறயே, ஒரு நாளைக்கு இதை ஊத்தித் தின்னு பாரு" என்று என் வட்டலில் ஒரு கரண்டி ஊற்றினார். தேங்காய் போட்டு ஆக்கிய அரிசிம்பருப்புக்கு அது எவ்வளவு இயல்பாகச் சேர்கிறது என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. சோற்றில் இருக்கிற தேங்காயும் மேலே ஊற்றுகிற எண்ணெயும் ஒரே மணம், சண்டையே இல்லை. சின்ன வெங்காயத்தைப் பச்சையாகக் கடித்துக்கொண்டால் இன்னும் நன்றாக இருக்கும்.

ஆனால் தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே போனால் உறைந்துவிடும். மார்கழி, தை விடியற்காலையில் பாட்டிலைக் கவிழ்த்தால் ஒரு சொட்டும் விழாது, வெள்ளை வெளேரென்று உள்ளேயே நிற்கும். வெயிலில் வைத்தோ, வெந்நீர்ப் பாத்திரத்தில் நிற்க வைத்தோதான் எடுக்க முடியும். ஆகவே அகன்ற வாய் டப்பாவில் ஊற்றி வைத்துக்கொண்டு கரண்டியில் எடுப்பது நல்லது. இன்னொன்று, இதில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் நிறைவுற்ற கொழுப்பு. நெய்யில் அது பாதிக்கு மேல், நல்லெண்ணெயில் ஏழில் ஒரு பங்கு அளவுதான். கொலஸ்ட்ரால் கூடுதல் என்று மருத்துவர் சொல்லியிருக்கிறவர்கள் வீட்டில் இதைத் தினமும் ஊற்ற வேண்டாம். அத்தையே இப்போது வாரத்துக்கு ஒரு நாளாகக் குறைத்துக்கொண்டார்.

நல்லெண்ணெய்க்கு வருகிறேன். அரிசிம்பருப்புக்கு மேலே நல்லெண்ணெய் ஊற்றுவது கரூர், கொடுமுடி வழிக்காரர்கள் வீட்டில் சாதாரணம், எங்கள் கோபிப் பக்கம் நெய் தீர்ந்துபோன அன்றைக்கு மட்டும். மரச்செக்கில் எள்ளை ஆட்டும்போது கருப்பட்டி சேர்ப்பார்கள், அதனால் எண்ணெய் பிரிவதும் எளிது, எள்ளின் கசப்பும் தணியும். அப்படி ஆட்டியதை ஊற்றினால் முதலில் ஒரு கனத்த மணம், கடைசியில் தொண்டையில் மெல்லிய கசப்பு. அந்தக் கசப்பு சிலருக்குப் பிடிக்கவே பிடிக்காது, அவர்களைக் கட்டாயப்படுத்த வேண்டாம். எனக்கு அந்தக் கசப்புதான் பிடித்திருக்கிறது. பூண்டு கூடுதலாகப் போட்ட அரிசிம்பருப்புக்கும், கொள்ளுப் பருப்புக் கடைசலுக்கும் நெய்யைவிட நல்லெண்ணெயே பொருத்தம் என்று நினைக்கிறேன். 'இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு' என்று தனித்தனியாகப் பிரித்துச் சொன்னாலும், வட்டலில் இரண்டும் ஒன்றாகச் சேரும்போது அவ்வளவு ருசி.

நல்லெண்ணெயின் பெரிய பலம் ருசி இல்லை, வசதி. உறையாது. எள்ளிலேயே இருக்கிற சில பொருள்கள் எண்ணெய் காறிப்போகாமல் காப்பதால் மற்ற எண்ணெய்களைவிட நாள் தாங்கும். சூடான சோற்றுக்கும் ஆறின சோற்றுக்கும் ஒன்றுபோல் இருக்கும். அது மட்டுமா, அதே பாட்டில் காலையில் இட்லிப் பொடிக்கு, இரவில் தோசைக்கல்லுக்கு, ஞாயிற்றுக்கிழமை கொள்ளுப் பொடிச் சோற்றுக்கு, பாகற்காய் வறுக்க என்று எல்லாவற்றுக்கும் ஆகும். பால் பொருள் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கும் இதில் தடையில்லை.

கடலை எண்ணெயைப் பற்றி அதிகம் சொல்ல எதுவுமில்லை. தாளிக்க அதைப்போல் நல்ல எண்ணெய் எங்கள் பக்கம் கிடையாது, சோற்றின் மேலே பச்சையாக ஊற்றினால் பச்சைக் கடலை வாடைதான் முன்னால் நிற்கும். சிலர் இட்லிப் பொடிக்கு ஊற்றிக்கொள்கிறார்கள், அரிசிம்பருப்புக்கு வேண்டாம்.

அடுத்து தயிர். இங்கேதான் கொங்கு வீடுகள் இரண்டாகப் பிரிகின்றன. நெய் ஊற்றிச் சாப்பிட்டு முடித்துவிட்டு வெறும் சோற்றில் தயிர் போட்டுக்கொள்கிறவர்கள் ஒரு பக்கம், அரிசிம்பருப்பிலேயே தயிரை ஊற்றிப் பிசைகிறவர்கள் இன்னொரு பக்கம். மாமா இரண்டாவது கட்சி. எருமைத் தயிராக இருக்க வேண்டும், கரண்டியில் வெட்டி எடுத்தால் வெட்டின இடம் அப்படியே நிற்க வேண்டும் என்பார். பசும்பாலில் 3, 4 சதவீதம் கொழுப்பு என்றால் எருமைப் பாலில் 6லிருந்து 8 வரை போகும், அந்தக் கெட்டிக்கு அதுவும் ஒரு காரணம். அவர் சாப்பிடுகிற விதத்தைப் பார்த்துத்தான் தயிர் ஊற்றுவதற்கும் ஒரு முறை இருப்பது எனக்குப் புரிந்தது. சோறு முழுவதையும் தயிரில் கரைக்கமாட்டார். வட்டலின் ஓரத்தில் தயிரை விட்டு, ஒவ்வொரு கவளத்துக்கும் சோற்றைக் கொஞ்சம் இழுத்து, பாதி கலந்தும் கலக்காமலும் வாயில் வைப்பார். பருப்பும் பூண்டும் ஒரு கடி, குளிர்ந்த புளிப்பு ஒரு கடி என்று மாறி மாறி வரும். மொத்தமாகப் பிசைந்துவிட்டால் மஞ்சள் நிறத் தயிர் சோறாகிவிடும், அரிசிம்பருப்பின் மணம் எல்லாம் அடங்கிவிடும், அது எனக்குச் சம்மதம் இல்லை.

காரத்துக்கும் தயிருக்கும் இருக்கிற உறவைக் கொஞ்சம் தெரிந்துகொண்டால் யாருக்குத் தயிர் தேவை என்பது தெரியும். நம் நாக்கில் மிளகாய்க் காரத்தை உணர்கிற ஏற்பியும் சூட்டை உணர்கிற ஏற்பியும் ஒன்றுதான். அதை 1997இல் கண்டறிந்து சொன்ன டேவிட் ஜூலியஸுக்கு 2021இல் மருத்துவ நோபல் பரிசு பகிர்ந்து கிடைத்தது. ஏறக்குறைய 43 டிகிரிக்கு மேலே போனாலே அந்த ஏற்பி சுடுகிறது என்று மூளைக்குச் சொல்ல ஆரம்பிக்கும். அதோடு மிளகாயும் மிளகும் சேர்ந்தால் இரண்டு மடங்கு எரிவதுபோல் இருக்கும். ஆகவே ஒரே போசியில் ஆக்கிய சோறு ஆவி பறக்கும்போது உறைப்பாகவும், ஆறினதும் சப்பென்றும் தெரிவதில் ஆச்சரியம் எதுவும் இல்லை. தயிர் இரண்டு பக்கமும் வேலை செய்கிறது. சூட்டைக் குறைக்கிறது, பாலில் இருக்கிற கேசின் என்ற புரதம் மிளகாயின் காரப்பொருளைப் பிடித்துக்கொண்டு நாக்கைவிட்டு எடுத்துப் போகிறது. தண்ணீர் குடித்து அடங்காத காரம் ஒரு வாய் தயிரில் அடங்குவது இதனால்தான். சின்னக் குழந்தைகளுக்கும், வாய்ப்புண் இருக்கிறவர்களுக்கும், சித்திரை, வைகாசி வெயிலுக்கும் தயிர்தான். வெயில் காலத்தில் மதியத்துக்கு நானும் நெய்யை விட்டுவிட்டுத் தயிருக்குப் போய்விடுவேன்.

ஊறுகாயைப் பற்றிச் சொன்னால் எங்க வீட்டுக்காரருக்கு வருத்தம் வரும், ஆனாலும் சொல்கிறேன். தயிரோடு ஊறுகாய் சேரும், எண்ணெயோடும் ஓரளவு சேரும், நெய்யோடு சேரவே சேராது. மாங்காய் ஊறுகாயில் இருக்கிற வெந்தயமும் பெருங்காயமும் நெய்யின் மணத்தை முழுவதுமாக மூடிவிடும், அத்தனை விலை கொடுத்து வாங்கின நெய் வீண். எலுமிச்சையும் நார்த்தங்காயும் பரவாயில்லை, அவற்றின் புளிப்பு அரிசிம்பருப்பின் கனத்தை அறுக்கிறது. உண்மையான கவலை உப்பு. ஒரு நாளைக்கு மொத்தமாக 5 கிராமுக்குக் குறைவாக உப்பு போதும் என்று உலகச் சுகாதார நிறுவனம் சொல்கிறது. உப்பில் ஊறுவதுதான் ஊறுகாய், வேளாவேளைக்கு ஒரு கரண்டி எடுத்தால் அந்த அளவில் கணிசமான பங்கு அங்கேயே முடிந்துவிடும். வயது ஏற ஏற மோப்பம் குறைகிறது, அதோடு ருசியும் மங்குகிறது, அதனால்தான் பெரியவர்கள் "சோறு சப்புனு இருக்குது" என்று ஊறுகாயைக் கூடுதலாக எடுக்கிறார்கள், இரத்த அழுத்தம் இருக்கிறவர்களும் அவர்கள்தான். அவர்களைத் தடுத்தால் மட்டும் போதாது, அந்த இடத்தில் வேறொன்று கொடுக்க வேண்டும். எலுமிச்சம்பழத்தை அரிந்து வைத்து, மேலே புதிதாக இடித்த மிளகுத்தூளைத் தூவிக் கொடுங்கள். சூடான சோற்றில் அந்த இரண்டும் ஊறுகாயின் பாதி வேலையைச் செய்துவிடும். அல்லது ஒரு கிண்ணம் பச்சப்புளி ரசம். புளியைக் கரைத்து, சின்ன வெங்காயம், சுட்ட மிளகாய், சீரகம், கறிவேப்பிலையைக் கையாலேயே கசக்கிச் சேர்ப்பதோடு முடிந்தது, கொதிக்கவைக்க வேண்டியதில்லை. உப்பு எவ்வளவு என்பது நம் கையில் இருக்கும்.

அப்பளமும் வடகமும் மொறுமொறுப்புக்கு. இருந்தால் நன்றாக இருக்கும், அவ்வளவுதான்.

தக்காளி சாஸ். இதைக் கேட்டதும் வீட்டில் பெரியவர்கள் முகம் மாறும். ஆனால் குழந்தை ஏன் அதைக் கேட்கிறது என்று பார்த்தால் அதில் இனிப்பு, புளிப்பு, உப்பு மூன்றும் ஒரே சொட்டில் இருக்கின்றன, அரிசிம்பருப்பில் புளிப்பும் இனிப்பும் குறைவு. குழந்தையின் நாக்கு சரியாகத்தான் சொல்கிறது, கையில் கிடைத்த பாட்டில்தான் சரியில்லை. பாட்டிலின் பின்பக்கம் அச்சிட்டிருப்பதைப் படித்துப் பாருங்கள், பெரும்பாலானவற்றில் 100 கிராமுக்கு 20 கிராமுக்கு மேல் சர்க்கரை இருக்கும். நான் செய்வது இது: நன்றாகப் பழுத்த நாட்டுத் தக்காளியைக் கடலை எண்ணெயில் தோல் கரையும்வரை வதக்கி, உப்பு, துளி மிளகாய்த்தூள், கடைசியில் ஒரு சிட்டிகை கவுந்தப்பாடி நாட்டுச் சர்க்கரை. தொக்காக இல்லாமல் கொஞ்சம் தளர்வாக இறக்க வேண்டும். பையன் அதை ஏற்றுக்கொண்டான், சாஸ் கேட்பது முழுவதும் நின்றுவிடவில்லை, ஆனால் குறைந்திருக்கிறது.

இவ்வளவையும் மேலே ஊற்றிக்கொள்ள விட வேண்டுமென்றால் போசியில் இருக்கிற சோறு எல்லாவற்றுக்கும் இடம் கொடுக்க வேண்டும், சமைக்கிறவர் கவனிக்க வேண்டிய இடம் அதுதான். இறக்கும்போதே நெய்யைக் குக்கரில் ஊற்றிக் கிளறிவிடும் பழக்கம் நிறையப் பேருக்கு இருக்கிறது, மணம் தூக்கலாக இருக்கும் என்பது நிஜம். ஆனால் அந்தச் சோற்றில் குளிர்ந்த தயிரை ஊற்றினால் நெய் சின்னச் சின்னக் குருணையாக உறைந்து பல்லில் அகப்படும், தயிர்க்காரர் பாடு திண்டாட்டம். தேங்காய் எண்ணெயில் தாளித்தாலோ, அதற்கு மேல் நல்லெண்ணெய் ஊற்றுகிறவருக்கு இரண்டு மணமும் மோதும். ஆகவே கடலை எண்ணெயில் தாளியுங்கள், அது யாரோடும் மோதாது. உப்பு விஷயத்தில் சின்னக் கணக்கு ஒன்று இருக்கிறது. தயிர்க்காரர் உப்பு குறைவாக இருந்தால் தயிரிலேயே கலக்கிக்கொள்ளலாம், கரைந்துவிடும். ஊறுகாய்க்காரருக்கு உப்பு தானாக வந்துவிடும். நெய்யும் எண்ணெயும் ஊற்றுகிறவர் மட்டும் பிறகு சரிசெய்ய முடியாது, கொழுப்பில் உப்பு கரையாது, மேலே தூவினால் கல்கல்லாகக் கடிபடும். எனவே போசியின் உப்பு நெய் ஊற்றிச் சாப்பிடுகிறவருக்குச் சரியாக இருக்கட்டும், அதற்கு மேல் ஒரு கல்கூட வேண்டாம். காரமும் அப்படியே, வீட்டிலேயே குறைவாகக் காரம் சாப்பிடுகிறவரை வைத்துத்தான் மிளகாய் எண்ண வேண்டும், வேண்டுமென்கிறவருக்கு இரண்டு மோர் மிளகாய் வறுத்து வைத்தால் ஆயிற்று.

இப்போது எதை வாங்குவது. ஒரே ஒரு பொருள்தான் வாங்க முடியும், அறையில் தனியாகச் சமைக்கிறீர்கள், சில நாள் சூடாகவும் சில நாள் ஆறிப்போயும் சாப்பிடுவீர்கள் என்றால் செக்கு நல்லெண்ணெய் வாங்குங்கள். நெய்ப் பிரியையான நானே இதைச் சொல்கிறேன், ஏனென்றால் நெய் சூட்டில் மட்டும்தான் நெய். இரண்டு பொருள் என்றால் நல்லெண்ணெயும் தயிரும். தயிருக்குப் பாலும் ஒரு கரண்டி உறையும் இருந்தால் போதும், பாட்டில் வாங்க வேண்டியதில்லை. குடும்பமாக உட்கார்ந்து சுடச்சுடச் சாப்பிடுகிற வீடு என்றால் முதல் இடம் நெய்க்கு, இரண்டாவது தயிருக்கு, எண்ணெய் மூன்றாவது. தேங்காய் எண்ணெய் அதன் ருசி தெரிந்தவர்கள் வீட்டில் இருந்தால் மட்டும், இல்லையென்றால் ஒரு சின்னப் பாட்டில் வாங்கி ஒரு தடவை தேங்காய் தூக்கலாகப் போட்ட அரிசிம்பருப்போடு சாப்பிட்டுப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். ஊறுகாய் எப்படியும் வந்து சேர்ந்துவிடும், அதைத் தேடி வாங்க வேண்டாம்.

விருந்தாளி வந்தால் நெய்யை நீங்களே ஊற்றிவிடாதீர்கள். "ஊத்துட்டுங்களா?" என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டு ஊற்றுங்கள். மரியாதைக்காக வேண்டாம் என்று சொல்ல முடியாமல் தின்று தீர்த்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். நெய்க் கிண்ணத்தையும் தயிர்ப் போசியையும் அவர்கள் கைக்கு எட்டுகிற இடத்தில் வைத்துவிட்டால் கேட்க வேண்டிய அவசியமே இல்லை.

கடைசியாக டப்பா. பள்ளிக்கூடத்துக்கும் கம்பெனிக்கும் அரிசிம்பருப்பு கட்டிக் கொடுக்கிறவர்களுக்கு மேலே சொன்ன வரிசை பொருந்தாது. காலை எட்டு மணிக்கு நெய் ஊற்றி அடைத்தால் மதியம் ஒரு மணிக்குத் திறக்கும்போது சோறு கட்டியாகி இருக்கும். டப்பாவுக்கு நல்லெண்ணெய்தான், அதுவும் சோறு ஆவி அடங்கின பிறகு ஒரு கரண்டி ஊற்றி லேசாகக் கிளறி அடைத்தால் பருக்கை பருக்கையாக நிற்கும். தயிர் வேண்டும் என்கிற பிள்ளைக்குத் தயிரையே கொடுத்துவிட்டால் மதியத்துக்குள் புளித்துப்போகும். மூடி இறுக்கமான சின்னக் கிண்ணத்தில் காய்ச்சி ஆறின வெதுவெதுப்பான பாலை ஊற்றி, அரைக் கரண்டி தயிரைக் கலக்கிக் கொடுத்தனுப்புங்கள். சாப்பாட்டு மணி அடிக்கிறபோது அது பதமாக உறைந்து, புளிப்பே இல்லாமல் இருக்கும்.